புவெனஸ் ஐரிஸில் டாங்கோ ஆட அழைப்பது எப்படி? கேள்வி பதில்

அர்ஜென்டினாவில் டாங்கோ ஆடக் கூடும் இடத்துக்கு மிலோங்கா என்று பெயர். அங்கே இணையை அழைக்கும் முறை பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் தருகிறேன்.

கேள்வி: நேராக மேசைக்குப் போய், "ஆட வருகிறீர்களா?" என்று கேட்டால் என்ன தவறு?

பதில்: மரபான மிலோங்காக்களில் அது தவறுதான். எதிரே வந்து நிற்பவரிடம் நாலுபேர் பார்க்க மறுக்க மனம் வராது, விருப்பமில்லாமலே எழுந்துவிடுவார்கள். நெஞ்சோடு நெஞ்சு அணைத்து ஆடும் ஆட்டத்துக்கு அரைமனச் சம்மதம் போதாது. அதனால்தான் கண்ணால் அழைக்கிறார்கள். ஆட விரும்புபவரைத் தொலைவிலிருந்தே பாருங்கள், இது மிராதா. அவரும் உங்களைப் பார்த்தால் லேசாகத் தலையசையுங்கள், இது கபெசேயோ. பதிலுக்கு அவர் தலையசைத்தால் சம்மதம். பார்வையை விலக்கிக்கொண்டால் மறுப்பு. பக்கத்து மேசைக்குக்கூடத் தெரியாது.

கேள்வி: பெண்கள் காத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

பதில்: இல்லவே இல்லை. நீங்களும் பாருங்கள். யாருடன் ஆட விருப்பமோ அவர் பக்கம் முகத்தைத் திருப்பி நிமிர்ந்து உட்காருங்கள். கைபேசியில் மூழ்கியிருப்பவரை யாராலும் அழைக்க முடியாது.

கேள்வி: தலையசைப்பு எனக்கா, பின்னால் இருப்பவருக்கா என்று குழம்புகிறேன்.

பதில்: அழைத்தவர் உங்கள் எதிரே வந்து நிற்கும்வரை எழாதீர்கள். அதுவரை பார்வையையும் விடாதீர்கள்.

கேள்வி: எப்போது அழைப்பது?

பதில்: பாட்டுகள் தாந்தா என்னும் தொகுப்பாக வரும், டாங்கோ என்றால் பெரும்பாலும் 4, வால்ஸ் என்ற மூன்று தட்டுத் தாள இசை என்றால் 3. இடையில் கோர்த்தினா என்ற சிறு இசைத்துண்டு ஒலிக்கும், தளம் காலியாகும். அடுத்த தாந்தாவின் முதல் சில நொடிகளைக் கேட்டபின் அழையுங்கள். டாங்கோ இசைக்குழுத் தலைவர் தாரியென்சோவின் துள்ளலுக்குப் பொருந்தும் இணை, இன்னொரு குழுத் தலைவர் புலியேசேயின் கனத்த இசைக்குப் பொருந்தாமல் போகலாம்.

கேள்வி: முதல் பாட்டு முடிந்ததும் நன்றி சொன்னேன். அவர் போய்விட்டார்!

பதில்: நடுவில் சொல்லும் நன்றி, "இத்துடன் போதும்" என்றே கொள்ளப்படும். கடைசிப் பாட்டு முடிந்ததும் சொல்லுங்கள். இணையை அவர் இருக்கைவரை கொண்டுபோய் விடுங்கள்.

கேள்வி: ஒருவர் தொடர்ந்து கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்.

பதில்: அன்று அவரை விட்டுவிடுங்கள். முறைத்துப் பார்ப்பது அழைப்பாகாது. பிறகு போய்க் காரணம் கேட்பது அதைவிட மோசம். அவருக்குக் கால் வலிக்கலாம், அந்த இசை பிடிக்காமல் இருக்கலாம், உங்களுடன் ஆட விருப்பமே இல்லாமலும் இருக்கலாம். எதையும் விளக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

கேள்வி: எனக்குக் கிட்டப்பார்வை. இருட்டில் முகமே தெரிவதில்லை.

பதில்: கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அழையுங்கள், ஆடும்போது கழற்றிக்கொள்ளலாம். அப்படியும் தெரியாவிட்டால் எழுந்து சற்று அருகே போய் நில்லுங்கள். மேசையை ஒட்டி மட்டும் நிற்காதீர்கள்.