பிளாஸ்டர் போடாத கணுக்கால் முறிவு

கேள்வி: வயது 46, சுன்னாகம். கிணற்றடிச் சீமெந்தில் வழுக்கி, வலது கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு வெடித்துவிட்டது. வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிளாஸ்டர் போடாமல், இரண்டு பக்கமும் தகடு வைத்த கழற்றக்கூடிய பிரேஸ் ஒன்றைக் கட்டி, "தாங்கக்கூடிய அளவு நடவுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். மாமி முறிவு நெரிவு வைத்தியரிடம் பத்துக் கட்டச் சொல்கிறா. உண்மையிலேயே நடக்கலாமா? நல்லூர்த் திருவிழாவுக்குப் போக ஏலுமா?

பதில்: நடக்கலாம். உங்களைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கணுக்காலில் எலும்பு வெடித்ததா என்பதைவிட, மூட்டு அசைந்துவிட்டதா என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் பாதத்தின் தாலஸ் எலும்பை இரு பக்கமும் கவ்விப் பிடித்திருக்கின்றன. வெளிப்பக்க எலும்பு மட்டும் வெடித்து, உட்பக்க எலும்பும் தசைநாரும் பழுதில்லாமல் இருந்தால் தாலஸ் இடம் மாறாது. இதுதான் நிலையான முறிவு. சத்திரசிகிச்சை தேவையில்லை, பெரும்பாலும் ஆறு வாரமளவில் எலும்பு பொருந்திவிடும். உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை. ஆனால் பிரேஸ் போட்டு நடக்கச் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்களுடையதும் இந்த வகைதான். சில முறிவுகளில் ஒரு வாரமளவில் காலை ஊன்றி நிற்க வைத்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள்.

இத்தகைய முறிவுகளுக்கு ஆறு வாரப் பிளாஸ்டர், மூன்று வாரப் பிளாஸ்டர், மூன்று வாரப் பிரேஸ் ஆகிய மூன்றையும் பின்லாந்தில் 247 பேரிடம் ஒப்பிட்டார்கள். முடிவு 2019இல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, மூன்று வாரத்தோடு நிறுத்தியவர்களின் கால் ஆறு வாரக்காரரின் காலைவிட மோசமாக இல்லை.

பிரேஸ் எலும்பை ஒட்டுவதில்லை. பாதம் பக்கவாட்டில் பிரளாமல் தடுப்பதுதான் அதன் வேலை. இரண்டு பக்கத் தகடுகளும் கணுவுக்கு நேரே வர வேண்டும். முன்னால் சரிந்தால் பயனில்லை. நம் வெக்கைக்குப் பருத்திக் காலுறையின் மேல் கட்டி, காலுறையைத் தினமும் மாற்றுங்கள். விரல்கள் விறைத்தாலோ நீலம் பாரித்தாலோ பட்டியைத் தளர்த்துங்கள். கிளினிக்கில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், கதிரையில் இருக்கும்போது கழற்றிவிட்டுப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம்; உட்பக்கம் திருப்புவது இப்போதைக்கு வேண்டாம். பின்னேரத்தில் வீங்கும். தலையணை மேல் காலை உயர்த்தி வையுங்கள். இந்த வீக்கம் சில மாதங்கள் வந்துவந்து போகும், பயப்படாதீர்கள்.

மாமியின் அக்கறை விளங்குகிறது. ஆனால் புது முறிவில் எண்ணெய் போட்டு உருவுவதும், மட்டை வைத்து இறுக்கிக் கட்டுவதும் கூடாது. வீங்கிய காலில் அந்த இறுக்கம் இரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

சரி, எப்போது ஓடி வர வேண்டும்? உட்பக்கக் கணுவில் புதிதாக நோவோ கண்டலோ தெரிந்தால், நோவு குறையாமல் கூடினால், பாதம் வெளிப்பக்கம் சரிவதுபோலத் தோன்றினால் உடனே காட்டுங்கள். கெண்டைக்கால் வீங்கி நோவதும், திடீரென மூச்சு முட்டுவதும் இரத்தக்கட்டியின் அறிகுறிகளாக இருக்கலாம். அதற்கு விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. நீரிழிவு இருந்து பாதத்தில் உணர்வு குறைவு என்றால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்படி உணர்வு குறைந்தவர்களுக்கு நோவு தெரியாமலே மூட்டு சிதையக்கூடும், சிகிச்சையே வேறு.

நல்லூரைப் பொறுத்தவரை, திருவிழா 25 நாள். முதல் ஆறு வாரத்துக்குள் வந்தால் வீதி மணலில் வெறுங்காலுடன், அதுவும் தேர்க்கூட்டத்தில், போவதை நான் விரும்பமாட்டேன். மணலில் கால் இலகுவாகப் பிரளும். கூட்டமில்லாத நேரத்தில், பிரேஸோடு, யாராவது கையைப் பிடித்துக்கொள்ளப் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம். ஸ்கூட்டி மட்டும் இப்போதைக்கு வேண்டாம். பிரேக் பிடித்ததும் காலை ஊன்ற வேண்டி வரும்.