மலை ரயில் ஜெர்மனில் எப்படிக் கத்தும்?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறோம். ஜெர்மன்காரர்கள் படிக்க மலை ரயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைக்க ஆசை. ஆங்கிலத்தில் ஸ்க்ரீச், ராட்டில், க்ளாங் என்று எழுதிவிட்டேன். அகராதியில் ஒவ்வொன்றுக்கும் நாலைந்து ஜெர்மன் சொல் இருக்கிறது. எதைப் போடுவது?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: முதலில் அந்த ஆங்கிலப் பக்கத்தை மூடி வையுங்கள். ஜெர்மனில் சத்தம் போட்டது எது என்று பார்த்துத்தான் சொல் போடுவார்கள். பீங்கான் தட்டு, ஆடுகிற ஜன்னல் கதவு என்றால் 'க்ளாப்பர்ன்'. தகரம் உருண்டால் 'ஷெப்பர்ன்'. கண்ணாடிக்கும் சங்கிலிக்கும் 'க்ளிரன்'. ஆங்கில ராட்டில் இந்த மூன்று இடத்திலும் புகுந்துவிடும். அகராதி திணறுவது அதனால்தான்.

சரி, ரயிலுக்கு வருவோம். இறக்கத்தில் பிரேக் போடும் கிரீச் சத்தம் 'க்வீட்ஷன்'. காது கூசினால் 'க்ரைஷன்'. கிளி கத்துவதும் அதுதான். பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின் மூச்சு வாங்குவது 'ஷ்னௌஃபன்'. கல்லாறு ஸ்டேஷன் தாண்டி, தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்வரிசையில் சக்கரம் மாட்டி ஏறும்போது பெட்டிக்கு அடியில் ஒரு நறநற கேட்குமே, அதற்கு 'க்னிர்ஷன்' போடுங்கள். கோபத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதற்கும் அவர்களிடம் இதே சொல்தான். பல்சக்கரத்துக்கும் பல்சக்கரம் என்றே பொருள்படும் 'ட்சான்ராட்'. இந்தப் பல்பாதை முறையை வகுத்த ரோமன் ஆப்ட் சுவிஸ்காரர். நம் மலை ரயிலின் பழைய எக்ஸ் வகை எஞ்சின்கள் வந்தது ஜெர்மன் பேசும் சுவிஸ் நகரமான விண்டர்தூரிலிருந்து. ஆக எஞ்சினுக்கு அது தாய்மொழி! திருச்சி பொன்மலையில் செய்தவை வேண்டுமானால் தமிழில் கத்தட்டும்.

அப்புறம், பயணிகளோடு போகும் எங்களைப் போன்ற வழிகாட்டிகளே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நாம் 'ரயில் தடதடவென்று பாலத்தைக் கடந்தது' என்போம். கடப்பதற்குத் தனி வினை. ஜெர்மனில் 'ராட்டர்ன்' என்ற சத்தமே வினையாக நின்று, கடப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். ஆனால் நடந்து முடிந்ததைப் பேசும்போது கவனம் வேண்டும். ஒரு மெஷின் நின்ற இடத்தில் தடதடத்தால் துணைவினை 'ஹாபன்'; ரயில் தடதடத்துக்கொண்டே பாலத்தைத் தாண்டினால் 'சைன்'. உங்கள் பக்கத்தில் பெரும்பாலும் 'சைன்'தான் வரும். அதை மாற்றிப் போட்டால் ரயில் பாலத்து மேலேயே நின்றுவிடும்.

கேள்வி: ஜெர்மன் கல்யாணத்தில் பாத்திரத்தைப் போட்டு உடைப்பார்களாமே?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி நடக்கும். பெயர் 'போல்ட்டர்ஆபென்ட்', 'போல்ட்டர்ன்' என்றால் தடால் புடால் என்று சத்தம் எழுப்புவது. விருந்தாளிகள் பீங்கானையும் மண்பாண்டத்தையும் வாசலில் போட்டு உடைப்பார்கள். கண்ணாடியைத் தொட மாட்டார்கள், அபசகுனம். கூட்டி அள்ளுவது மட்டும் மாப்பிள்ளையும் பொண்ணும்.