வாகனக் கேள்வி-பதில்: பிக்கப் வண்டியை எந்த அளவுக்கு உயர்த்தலாம்?

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் எனக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் கொண்ட இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் வண்டி வைத்திருக்கிறேன். தார்ச் சாலையிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் மண்பாதையில் மழைக்காலத்தில் சக்கரத் தடம் ஆழமாகிவிடுகிறது. நடுவில் மேடிட்டு நிற்கும் கற்கள் வண்டியின் அடியில் இடிக்கின்றன. உரமும் காப்பி மூட்டையும் ஏற்றினால் பின்பக்கம் மிகவும் தாழ்ந்துவிடுகிறது. இப்போது இருப்பது 255/60 ஆர் 18 டயர். இரண்டு அங்குலம் லிஃப்ட் செய்து பெரிய டயர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தங்கள் யோசனை என்ன?
- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில், கல் வண்டியின் எந்த இடத்தில் இடிக்கிறது என்று அடியில் படுத்துப் பாருங்கள். கீறல் விழுந்த இடமே உங்களுக்குப் பாதி பதிலைச் சொல்லிவிடும். வி-கிராஸின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் கொண்ட இரட்டை விஷ்போன் அமைப்பும் காயில் ஸ்பிரிங்கும் உள்ளன. அங்கே டிஃபரன்ஷியல் (என்ஜினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு) சேஸியோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, சேர்ந்திருப்பதால், சஸ்பென்ஷனை உயர்த்தினால் அதுவும் உயரும். பின்பக்கம் அப்படியில்லை. அங்கே இருப்பது இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே ஆக்ஸில்; லீஃப் ஸ்பிரிங் அதன்மேல் வண்டியைத் தாங்குகிறது. நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் ஆக்ஸிலின் பகுதி என்பதால், நீங்கள் இரண்டு அங்குலம் உயர்த்தினாலும் நான்கு அங்குலம் உயர்த்தினாலும் அது தரையிலிருந்து இருக்கும் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. அதை உயர்த்தக்கூடியது டயர் மட்டுமே.

ஆகவே கீறல் பின் ஹவுசிங்கில் இருந்தால், லிஃப்டுக்குச் செலவழிப்பது அந்தக் குறையைத் தீர்க்காது. சக்கரத்தைத் தடத்துக்குள் இறக்காமல் ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டின் மேலும் மறுபக்கச் சக்கரத்தைத் தடத்துக்கு வெளியேயும் வைத்து ஓட்டுவதும், மழைக்கு முன் அந்த மேட்டை வெட்டிச் சமன் செய்வதும்தான் உண்மையான தீர்வு. கீறல் முன் அடித்தகட்டிலோ, நடு சேஸியிலோ, பின் பம்பரிலோ இருந்தால் சஸ்பென்ஷன் உயரத்தைப் பற்றி யோசிப்பதில் பொருள் உண்டு.

டயரின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 255/60 ஆர் 18 என்றால் டயரின் அகலம் 255 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 153 மி.மீ.; 18 அங்குல ரிம்மையும் சேர்த்தால் மொத்த விட்டம் சுமார் 763 மி.மீ. அதற்கு அடுத்த அளவான 265/60 ஆர் 18 டயரின் விட்டம் சுமார் 775 மி.மீ. வித்தியாசம் 12 மி.மீ.; ஆக்ஸில் உயர்வதோ அதில் பாதி, வெறும் 6 மி.மீ. பெரிய டயர் போட்டால் வண்டி கல்லைத் தாண்டிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். இந்த மாற்றத்தில் உங்களுக்குக் கிடைக்கும் பலன் உயரத்தைவிடப் பிடிப்பிலும், கல் குத்தினாலும் எளிதில் கிழியாத பக்கச்சுவரிலும்தான் இருக்கிறது. தோட்டப் பாதைக்கு அதுவே பெரிய பலன் என்பது என் உறுதியான கருத்து.

டயரின் வகையைப் பொறுத்தவரை, தார்ச் சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயரையே தேர்ந்தெடுங்கள். மட் டெரெய்ன் டயரின் பெரிய கட்டைகளும் அகன்ற இடைவெளிகளும் சேற்றை உதறித் தள்ளுவதற்காக அமைந்தவை. தாருடன் தொடும் ரப்பர் பரப்பு அவற்றில் குறைவு, நீரை வெட்டி விலக்கும் மெல்லிய கீற்றுகளும் குறைவு. உங்கள் வண்டி தோட்டத்துக்குள் ஓடும் தூரத்தைவிட, ஐப்பசி மழையில் நனைந்த மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகளை இறங்கும் தூரமே அதிகமாக இருக்கும். அங்கே பிரேக் மிதித்ததும் வண்டி நிற்க வேண்டும். அதற்காக மண்பாதையில் கொஞ்சம் பிடிப்பை விட்டுக்கொடுக்கலாம்.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் அளவை அடுத்து அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். 110 என்றால் ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும். 112 என்றால் 1,120 கிலோ. 113 என்றால் 1,150 கிலோ. ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் உங்கள் பழைய டயரிலும் உள்ள எண்ணைவிடக் குறைந்ததை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். அளவில் பெரிய டயர் எடையையும் கூடுதலாகத் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. 265/60 ஆர் 18 அளவிலேயே 110 எண் கொண்ட டயர்கள் விற்கப்படுகின்றன. மாற்றும்போது ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள். நான்கு சக்கர இயக்கத்தில் போகும்போது முன்னும் பின்னும் வெவ்வேறு விட்டமுள்ள டயர்கள் சுழன்றால், அந்தச் சுமை முன், பின் ஆக்ஸில்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல்தான் விழும்.

இனி லிஃப்ட். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது, மூட்டை ஏற்றினால் பின்பக்கம் மிகவும் தாழ்ந்துவிடுகிறது என்ற வரி. தொடர்ந்து பாரம் சுமக்கும் வண்டியின் லீஃப் ஸ்பிரிங் காலப்போக்கில் வளைவை இழந்து உட்கார்ந்துவிடும். வெறும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து வீல் ஆர்ச்சின் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதே மாதிரியான, அதிகம் பாரம் ஏற்றாத வண்டி ஒன்றிலும் அளந்து ஒப்பிடுங்கள். பின்பக்கம் தாழ்ந்திருப்பது தெரிந்தால், உங்களுக்கு வேண்டியது லிஃப்ட் அன்று. இழந்த உயரத்தை மீட்பதுதான். புதிய ஸ்பிரிங் கட்டு, புதிய ரப்பர் புஷ், நல்ல ஷாக் அப்சார்பர் ஆகிய மூன்றையும் போட்டு நிறுவனம் தந்த உயரத்துக்கே கொண்டுவந்துவிட்டு, ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான தோட்டக்காரர்களுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

அதற்குப் பிறகும் உயர்த்தத்தான் வேண்டும் என்றால் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. ஆகவே வேலையைத் தொடங்கும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து நேரத்தில் இழப்பீட்டுக்குத் தடையாக வந்து நிற்கலாம். கனமான இரும்பு பம்பரோ, முகப்பில் மாட்டும் குழாய்த் தடுப்பான புல் பாரோ பொருத்தும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பார்கள்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு அறிவுறுத்திவிட்டது.

அனுமதி கிடைத்தால், 40 மி.மீ. அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உயரம் ஸ்பிரிங்கிலிருந்து வர வேண்டும். அந்த ஸ்பிரிங் நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் ஏற்றும் உச்சபட்ச மூட்டைக் கணக்கை வைத்துக் கடினமான ஸ்பிரிங் வாங்கினால், மற்ற நாள்களில் வெறும் வண்டி குதித்துக் குதித்து ஓடும். ஈரச் சாலை வளைவில் பின்சக்கரம் பிடிப்பை விட்டுவிடும். ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாரத்தோடு ஏற்றத்தில் வேகம் கொடுக்கும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொள்ள அது இடம் கொடுத்துவிடும். வேலை முடிந்ததும் பின் பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவை சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் இழுபடாமல் இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். முகப்பு விளக்கின் ஒளியையும் தாழ்த்திச் சரிசெய்யுங்கள். முன்பக்கம் உயர்ந்த வண்டி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்தபடி மலைச்சாலையில் வருவது ஆபத்து.

கேள்வி: என் பிக்கப்பின் முன்பக்கத்தில் ஒரு பட்டறையில் 25 மி.மீ. ஸ்பேசர் (உயரம் கூட்டும் இடைத்துண்டு) வைத்தார்கள். வண்டி கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் உயர்ந்தது. இப்போது 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நிலையாக நிற்காமல் அலைகிறது. முன் ஆக்ஸிலின் ரப்பர் பூட் ஒன்று கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றே. காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டின் கீழ்முனை சக்கரத்தில் இணைவதில்லை. கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் இணைகிறது. அதனால்தான் ஸ்ட்ரட்டின் மேல்முனையில் வைத்த 25 மி.மீ. சக்கரத்தில் ஏறத்தாழ இரு மடங்காகத் தெரிகிறது. ஆர்ம்கள் அந்த அளவுக்குக் கீழ்நோக்கிச் சாய்ந்ததும் காஸ்டர் கோணம் குறைகிறது. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங்கைத் தானாக நேராக்குவது அந்தக் கோணம்தான். அது குறைந்த வண்டி நெடுஞ்சாலையில் அலையும். கூடவே, சக்கரம் ஏறி இறங்கும்போதும் திரும்பும்போதும் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜாயின்ட்டும் எந்நேரமும் வழக்கத்தைவிட அதிகமான கோணத்தில் சுழல்கிறது; பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிகின்றன.

வீல் அலைன்மென்ட் செய்யும் இடத்தில் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல், காஸ்டர், கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) எண்களையும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். நிறுவனம் தந்த வரம்புக்குள் காஸ்டர் வராவிட்டால், அதற்கெனக் கோணம் திருத்திச் செய்த மேல் ஆர்ம் போட வேண்டும். அல்லது ஸ்பேசரைக் கழற்ற வேண்டும். நான் கழற்றவே சொல்வேன். மேல் ஸ்பேசரால் ஸ்ட்ரட் முழுவதும் கீழே தள்ளப்படுவதால், சேஸியின் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் தடுப்பு சக்கரத்தைத் தடுத்து நிறுத்துவதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டிவிடலாம். சக்கரம் தொங்கும்போது மேல் ஆர்ம் காயிலில் இடிக்கவும் கூடும். வேகமாகப் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த அடியை வாங்குவது, ஆர்மைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டும் ஷாக்கும்தான். கிழிந்த பூட்டை இந்த வாரமே மாற்றிவிடுங்கள். மணல் உள்ளே போய்விட்டால் ஜாயின்ட்டையே மாற்ற நேரிடும்.

கேள்வி: வி-கிராஸில் லிஃப்ட் எதுவும் செய்யாமல் 285/60 ஆர் 18 டயர் போடலாமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். இதன் விட்டம் சுமார் 799 மி.மீ.; 255/60 ஆர் 18 டயரைவிட 36 மி.மீ. அதிகம், அகலத்திலும் 30 மி.மீ. கூடுதல். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிய நிலையில் பள்ளத்தில் இறங்கினால் வீல் ஆர்ச்சின் பின்விளிம்பிலும் பிளாஸ்டிக் லைனரிலும் உரசும். விட்டம் கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடுவதால், இதுவரை சரியாகக் காட்டிய மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் சுமார் 105 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாக் கியர்களும் அதே விகிதத்தில் நீண்டுவிடுவதால் பாரத்தோடு ஏறும்போது இழுவையும், இறக்கத்தில் என்ஜின் தரும் தடுப்பும் குறையும். 265/60 ஆர் 18 போதும். அதையும் வாங்குவதற்கு முன் கடையில் ஒரே ஒரு டயரை முன்பக்கம் மாட்டச் சொல்லி, அந்தச் சக்கரத்தை ஒரு திண்டின் மேல் ஏற்றி நிறுத்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, எங்காவது தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் புதிய அளவு டயர் நுழைகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.