எழுதியவர் ஊரில் இல்லாத மென்பொருள்

அன்புள்ள ஐயா,

இரணைமடுக் குளத்தின் கீழுள்ள எங்கள் கமக்காரர் அமைப்பு, சிறுபோகப் (ஆண்டின் இரண்டாம் நெற்பருவத்தின்) பங்கு, வாய்க்கால் வாரியான காணி விபரம், சந்தாக் கணக்கு யாவற்றையும் 2012 முதல் ஒரே மென்பொருளில் பதிந்து வருகிறது. ஊர் இளைஞர் ஒருவர் விஷுவல் பேசிக் 6 என்னும் பழைய நிரல்மொழியில் எழுதித் தந்தது. தரவுகள் ஆக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் உள்ளன. அவர் இப்போது கனடாவில் இருக்கிறார். எங்கள் விண்டோஸ் 10 கணினியை மாற்றச் சொல்கிறார்கள். கொழும்பு நிறுவனம் ஒன்று புதிதாக எழுதித் தர விலை சொல்லியிருக்கிறது. புதிதாக எழுதுவிப்பதா, இருப்பதைக் காப்பதா?

ஒரு வாசகர், கிளிநொச்சி

அன்புள்ள நண்பருக்கு,

புதிதாக எழுதுவிக்கும் முடிவைச் சற்றுத் தள்ளிவையுங்கள். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த நிரலை நம்பியிருந்ததால் வந்த சிக்கல் இது. புதிய மென்பொருளும் அப்படியே கைக்கு வருமானால், சில ஆண்டுகளில் இதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது உண்மைதான். ஆனால் விஷுவல் பேசிக் 6 நிரல்கள் ஓடுவதற்கான அடிப்படைக் கோப்புகள் விண்டோஸ் 11 இலும் வருகின்றன. ஆகவே உங்கள் மென்பொருள் புதிய கணினியிலும் பெரும்பாலும் ஓடும். நிரலைத் திருத்துவதற்கான சூழலுக்கோ ஆதரவு 2008 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. ஓடுகிறது என்பதை வைத்து நலமாக இருக்கிறது என்று கருதிவிடக் கூடாது. பங்கு பிரிக்கும் விதியை அடுத்த சிறுபோகக் கூட்டம் மாற்றினால், அதை நிரலில் மாற்ற இன்று ஊரில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.

எனக்கு இதைவிட அவசரமாகப் படுவது தரவு. அக்காலத்தில் நம் பகுதியில் எழுதப்பட்ட பல மென்பொருள்களைப் போல உங்களுடையதும் பாமினி எழுத்துருவில் பெயர்களைப் பதிந்திருக்கலாம். பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கில விசைக்குறிகளாகவே கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் குறிகள்தான் தெரியும். காணிக்காரரின் பெயரும் தகப்பன் பெயரும் அவ்வாறு குறிக்கூட்டமாகிவிட்டால், பங்குத் தகராறு வரும் நாளில் அந்தப் பதிவை யார் ஏற்பார்? எனவே அட்டவணைகளை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றி, எந்த மென்பொருளும் வாசிக்கக்கூடிய சிஎஸ்வி கோப்புகளாக வெளியே எடுங்கள். மாற்றி முடிந்ததும் ஒரு வாய்க்காலின் பெயர்களையாவது பழைய காகிதப் பதிவேட்டோடு வரிவரியாக ஒப்பிடுங்கள், ஏனெனில் கொம்பும் காலும் இடம் மாறுவது இந்த மாற்றத்தில் வழக்கமான பிழை. ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட் வடிவிலும் ஒரு பிரதி வைத்திருக்கலாம். அதை உருவாக்குவோர் 2050 வரை பேணுவதாக அறிவித்திருக்கிறார்கள்.

அடுத்தது மூலநிரல், அதாவது எழுதியவர் தட்டெழுதிய, திருத்தக்கூடிய நிரல் வரிகள். கனடாவில் இருப்பவரிடம் அதைக் கேட்டுப் பெறுங்கள். பயன்படுத்தவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் பாதுகாக்கிறது. வாய்ச்சொல் பின்னால் வரும் நிர்வாகத்துக்கு உதவாது.

திறந்த மூலமாக, அதாவது யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடியதாக, வெளியிட்டால் உலகம் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். வெளியிடுவது நல்லதே, 2016 இல் தொடங்கப்பட்ட சொஃப்ட்வெயார் ஹெரிடேஜ் போன்ற காப்பகங்களில் நிரல் நிலைக்கவும் அது வழி செய்யும், உறுப்பினர் தரவு மட்டும் அதில் கலந்துவிடக் கூடாது. ஆனால் காப்பகம் நிரலைப் பேணுமே தவிரத் திருத்தித் தராது. இணையத் தொடர்புகளை மறையாக்கிக் காக்க இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த, திறந்த மூலமான ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 2014 இல் ஹார்ட்பிளீட் என்னும் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, அதன் அறக்கட்டளைக்கு நன்கொடையாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 டொலரே வந்துகொண்டிருந்தது. அவ்வளவு பேர் பயன்படுத்தியதற்கே நிலை அதுவென்றால், ஓர் அமைப்பின் நிரலைப் பராமரிக்க முன்பின் தெரியாதவர்கள் வருவார்கள் என்று காத்திருக்க முடியாது.

ஆகவே வாய்க்கால் துப்புரவுக்கு ஒதுக்குவதைப் போல இதற்கும் ஆண்டு வரவுசெலவில் ஒரு தொகை எழுதுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. கணினி படிக்கும் மாணவர் இருவரைப் பிடித்து, மூலநிரலையும் குறிப்புகளையும் மட்டும் கொடுத்து, எதுவுமே நிறுவப்படாத ஒரு கணினியில் மென்பொருளை முதலிலிருந்து உருவாக்கச் சொல்லுங்கள். எழுதியவரிடம் கேட்காமல் அவர்களால் முடியாத ஒவ்வொரு இடத்தையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள் என்பதால், ஆண்டுதோறும் புதிய இருவரைக் கொண்டு இதைத் திரும்பச் செய்வியுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு கொழும்பு நிறுவனத்தின் விலையைப் பேசுங்கள். மூலநிரலும் தரவு வெளியேற்றும் வசதியும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்திட வேண்டாம்.

அன்புடன்.