சம்பளத்தைப் பேசும் முன் பம்பு அறையைப் பாருங்கள்

கேள்வி: எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று ஆண்டுகளாக டெக்னீஷியனாக இருக்கிறேன். இரண்டு பராமரிப்பு நிறுவனங்கள் சூப்பர்வைசர் வேலைக்கு அழைக்கின்றன. பெரிய நிறுவனம் 20,000 ரூபாய் தருகிறது, சிறியது 24,000. எதில் சேரலாம்?

பதில்: முதலில், உங்களை எந்தக் குடியிருப்பில் போடப்போகிறார்கள் என்று கேட்டு, அந்த இடத்தை நேரில் பாருங்கள். காட்டத் தயங்கினாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

அங்கே நேராகப் பம்பு அறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் போங்கள். கருவிகளின் அளவுகளை அன்றாடம் எழுதிவைக்கும் லாக் புத்தகத்தைப் புரட்டுங்கள். ஒரு மாத அளவுகளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தால், மாதக் கடைசியில் யாரோ உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படியொரு அழகான புத்தகத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். இரண்டாம் மாதமே டீசல் கணக்கு உதைத்தது; பழி என் தலையில் விழுந்தது. எண்ணெய்க்கறையும் கிறுக்கலுமாக இருக்கும் புத்தகத்தைத்தான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அடுத்தது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். தொட்டியில் அடைப்பு வந்தால் யார் எடுப்பது என்று அங்குள்ள ஆபரேட்டரிடம் டீ குடித்தபடி விசாரியுங்கள். “நம் பையன்களே இறங்கிவிடுவார்கள்” என்றால் அந்த இடம் வேண்டவே வேண்டாம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது மனிதர் கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இறங்கு என்று சொல்லும் இடத்தில் நிற்கப்போவது சூப்பர்வைசராகிய நீங்கள்.

இனி சம்பளம். 21,000 ரூபாய் வரை ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) உண்டு. 20,000-க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது மாதம் 150 ரூபாய். குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவம் கிடைக்கும். 24,000-க்கு அது கிடையாது. குழு மருத்துவக் காப்பீடு தருகிறார்களா, நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கையும் அந்த 24,000-க்குள்ளேயே அடக்கிச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். பிடித்த பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் செல்போனில் பாஸ்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். கட்டுகிறார்களா இல்லையா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அசல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டுதான் ஒப்பந்தம் போடுகின்றன. புதிய செயலாளர் வந்தால் நிறுவனமும் மாறலாம். அப்போது உங்களை அனுப்ப இன்னொரு இடம் இருக்கிறதா? பெரிய நிறுவனத்தின் உண்மையான பலம் இதுதான்.

காப்பீடும் பி.எஃப். பாஸ்புக்கும் சரியாக இருந்து, இடமும் திருப்தியாக இருந்தால் சிறியதற்கே போகலாம். ஒன்று இடித்தாலும் நான் 20,000-ஐத்தான் எடுப்பேன். பெரிய நிறுவனத்திடம் இன்னும் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்டுப் பாருங்கள். 21,000-ஐத் தாண்டாத வரை ஈ.எஸ்.ஐ. கைவிட்டுப் போகாது.