குர்குமின் கூடிய மஞ்சள் அவசியமா?

யாழ்ப்பாணக் கடைகளில் ‘குர்குமின் அதிகம்’ என்று விற்கப்படும் மஞ்சள்தூளும் மாத்திரையும் சாதாரண மஞ்சளைவிட மேலானவையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் சாதாரணத் தூளில் ஏறத்தாழ 3 சதவீதமும், மேகாலயாவின் லக்கடாங் மஞ்சளில் 7 சதவீதமளவும் இருக்க, பிரித்தெடுத்த சாற்றில் குர்குமின் வகைகள் 95 சதவீதம் வரை செறிந்திருக்கும். ஆனால் அளவு மட்டும் போதாது. நீரில் கரையாத இப்பொருளைக் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. மிளகிலுள்ள பிப்பரின் சேர்ந்தபோது உறிஞ்சல் ஏறத்தாழ 20 மடங்கானதை 1998ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. கொழுப்பும் உதவும் என்பதால், தேங்காய்ப்பாலில் மஞ்சள் இட்டு வைக்கும் நம் சொதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

செறிவு மாத்திரைகள் முழங்கால் மூட்டுத் தேய்வின் வலியை ஓரளவு தணிக்கலாம். எனினும் குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும் பித்தக்கல் உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடவே கூடாது. ஈரல் பாதிப்புகளும் பதிவாகியுள்ளன.

கடும் நிறத்தைத் தரமென எண்ண வேண்டாம், ஏனெனில் ஈயக் குரோமேற்று என்ற நச்சு மஞ்சள் நிறமியின் கலப்படமும் அந்நிறத்தைத் தரும். சமையலுக்கு, விரலி மஞ்சளை முழுதாக வாங்கிக் காயவைத்து மில்லில் திரிப்பதையே பரிந்துரைக்கிறேன்.