கரும்பில நடுக்குருத்து காயுதா? முதல்ல இழுத்துப் பாருங்கோ

ஒட்டுசுட்டான் பக்கத்தில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: கரும்பு நட்டு ரெண்டு மாசம், நடுக்குருத்து மட்டும் காயுது, கடையில தந்த மருந்தை ரெண்டு தரம் அடிச்சும் நிக்கேல்லயாம்.

தம்பி, காய்ஞ்ச குருத்தைப் பிடிச்சு இழுங்கோ. லேசா கையோட வந்து, அடிப்பக்கம் அழுகி நாறினா அது இளங்குருத்துப் புழு, மண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேல சின்ன ஓட்டையளும் இருக்கும், தண்டைப் பிளந்தா முதுகில ஊதாக் கோடு அஞ்சு ஓடின புழு நெளியும். இழுத்தும் வராட்டி, இலையிலயும் வரிசையா ஓட்டை கிடந்தா நுனிக்குருத்துப் புழு. குருத்து மட்டுமில்லாம முழுப் பயிருமே காய்ஞ்சு, நட்ட துண்டுக்குள்ள மண் அடைஞ்சிருந்தா கறையான், எங்கட பக்கம் அதுக்கும் குறைவில்ல.

நீங்கள் சொல்லுறதைப் பாத்தா முதலாவதுதான். புழு தண்டுக்குள்ள இருக்கு, மேல அடிச்ச மருந்து அதில படாது, காசுதான் போகும்.

காய்ஞ்ச முளையை மண்ணோட ஒட்ட வெட்டி எரியுங்கோ, இல்லாட்டி மாட்டுக்குப் போடுங்கோ, வரம்பில குவிச்சு வைச்சா உள்ள இருக்கிற புழு கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியா வெளிக்கிட்டுத் திரும்ப உங்கட கரும்பிலதான் முட்டை போடும். அதோட மண்ணைக் காயவிடாதேங்கோ, வெயிலும் வறட்சியும்தான் இதுக்குக் கொண்டாட்டம். தண்ணி விட்டு ஈரம் இருக்கேக்கயே அடியில மண் அணைச்சு விடுங்கோ, ஓட்டை மூடுப்பட்டா பூச்சி வெளிய வரேலாது. உண்மையில இது நட்டு 35 - 45 நாளில செய்யவேண்டிய வேலை, இப்ப செய்தாலும் பலன் இருக்கு. சாலுக்குள்ள சோகை, அதுதான் காய்ஞ்ச கரும்பு இலை, பரப்பச் சொல்லுவினம், நல்லதுதான், ஆனா கறையான் புத்து உள்ள காணியெண்டா நான் சொல்லமாட்டன்.

பயப்பிடாதேங்கோ, இந்த வயசில கரும்பு பக்கத்தால திரும்ப முளை விடும்.

நாலாம் மாசத்துக்குப் பிறகு தண்டின்ர கணுவுக்கு நடுவில துளைக்கிற இடைக்கணுப் புழு வரப் பாக்கும். அஞ்சாம், ஏழாம் மாசங்களில காய்ஞ்ச சோகையை உரிச்சு விடுங்கோ, யூரியாவை அள்ளிக் கொட்டாதேங்கோ. அதின்ர முட்டையை அழிக்கிற டிரைக்கோகிராமா எண்ட சின்னக் குளவி ஒட்டுண்ணி உள்ள, கரும்பில கட்டிவிடுற கடதாசி அட்டை எடுக்கேலுமோ எண்டு கமநல சேவை நிலையத்தில போதனாசிரியரைக் கேளுங்கோ, கிடைச்சா கட்டுற நாளையில மருந்து அடிக்கக்கூடாது, ஒட்டுண்ணியும் சேர்ந்து செத்துப்போகும்.

குருத்து இழுத்தும் வராட்டி தண்டைப் பிளந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கோ, அதுக்கு வேற வழி பாக்கோணும்.